‘இன் யூடரோ’ ஆல்பம் உருவான விதமும் அதற்குக் கிடைத்த வரவேற்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் நிர்வாணா இசைக்குழு 1993 செப்டம்பரில் வெளியிட்ட ‘இன் யூடரோ’ ஆல்பத்தைப் பற்றி ஆல்டர்நேட்டிவ் ராக் (வணிகப் பாணியிலிருந்து விலகிய ராக் இசை) கேட்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். இந்த ஆல்பத்தின் கதை பெரும்பாலும் பணத்துக்கும் நேர்மைக்கும் நடந்த சண்டையாகவே சொல்லப்படுகிறது. பல ஆண்டுகளாக இதைக் கேட்டுவரும் எனக்கு அந்தச் சித்திரம் பாதி உண்மையாகவே படுகிறது. சண்டை உண்மையில் நடந்தது பாடகரின் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிட்டார் எவ்வளவு கேட்க வேண்டும் என்ற, காதால் மட்டுமே தீர்க்கக்கூடிய கேள்வியைச் சுற்றித்தான். பின்வரும் விடைகளில் அந்தக் கேள்வி அடிக்கடி தலைகாட்டும்.

இந்த ஆல்பத்தை உருவாக்கியவர்கள் யார்?

பாடல்களை எழுதிப் பாடி கிட்டார் வாசித்தவர் கர்ட் கோபேன். பேஸ் கிட்டார் கிறிஸ்ட் நோவோசெலிக். டிரம்ஸ் டேவ் குரோல். ‘டம்ப்’, ‘ஆல் அபாலஜீஸ்’ ஆகிய இரு பாடல்களில் கெரா ஷேலி செல்லோ வாசித்தார். ஒலிப்பதிவு செய்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீவ் அல்பீனி. ஆல்பத்தில் மொத்தம் 12 பாடல்கள். ஓடும் நேரம் 41 நிமிடங்களைச் சற்றே தாண்டும். நிர்வாணாவின் ஸ்டூடியோ ஆல்பங்களில் இது மூன்றாவது. இதுவே கடைசியாகவும் ஆகிவிட்டது.

‘நெவர்மைண்ட்’ அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற பிறகு, அதே பாணியைத் தொடராமல் ஏன் மாற்றினார்கள்?

இந்தக் குழு எங்கிருந்து எங்கே வந்தது என்பதை மூன்று எண்கள் காட்டிவிடும். 1989-இல் வெளிவந்த முதல் ஆல்பமான ‘பிளீச்’ 606 டாலர் 17 சென்ட் செலவில் பதிவானது. 1991 செப்டம்பரில் வெளிவந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கும் மேல் செலவானது. அமெரிக்காவில் அதன் முதல் தவணையாக ஏறக்குறைய 46,000 பிரதிகளையே அதை வெளியிட்ட கெஃபென் நிறுவனம் கடைகளுக்கு அனுப்பியிருந்தது என்பதிலிருந்து, அது எவ்வளவு விற்கும் என்று அவர்கள் கணித்திருந்தார்கள் என்பது விளங்கும். அதே ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைக் கீழே தள்ளி பில்போர்ட் என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

வெற்றி வந்த பிறகுதான் கோபேனுக்கு அதன் ஒலி உறுத்தத் தொடங்கியது. தயாரிப்பாளர் புட்ச் விக் குரலை இரண்டு முறை பாடவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். பின்னர் ஒலிக்கலவை (தனித்தனியே பதிவான குரலையும் கருவிகளையும் அளவறிந்து ஒன்றுசேர்க்கும் வேலை) செய்த ஆண்டி வாலஸ் அதை மேலும் மெருகேற்றி, வானொலியில் எந்தப் பாட்டுக்கு அடுத்து வந்தாலும் எடுபடும்படி செய்துகொடுத்திருந்தார். கோபேன் அதைப் பங்க் (மெருகில்லாத கரடுமுரடான ராக்) ஆல்பமாகவே எண்ண முடியவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். அந்த மெருகு இல்லாவிட்டால் அந்தப் பாடல்கள் அத்தனை கோடிக் காதுகளுக்குப் போயிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு; அது நியாயமான கேள்விதான். ஆனால் தன் பாட்டைத் தானே கேட்கும்போது அந்நியமாகத் தோன்றினால் கலைஞன் அடுத்த முறை வேறு வழியைத் தேடுவான். இங்கே நடந்ததும் அதுவே.

ஸ்டீவ் அல்பீனியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’, பிரீடர்ஸ் குழுவின் ‘பாட்’ ஆகிய இரண்டும் கோபேனுக்கு மிகவும் பிடித்த ஆல்பங்கள். இரண்டையும் பதிவு செய்தவர் அல்பீனி. ஆல்பத்தின் உறையில் ‘தயாரித்தவர்’ என்று தன் பெயர் போடப்படுவதை அல்பீனி விரும்பமாட்டார். ‘பதிவு செய்தவர்’ என்றிருந்தால் போதும் என்பார். அது வெறும் அடக்கமல்ல, தொழில்முறைக் கொள்கை. ஒரு குழு தன் அறையில் வாசிக்கும்போது எப்படி ஒலிக்கிறதோ அதை அப்படியே டேப்பில் ஏற்றுவதுதான் தன் வேலை என்றும், பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தனக்கில்லை என்றும் அவர் கருதினார்.

அவர்தான் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்யப்போகிறார் என்ற வதந்தி பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளில் முன்கூட்டியே கிளம்பியது. அதை மறுத்து அவரே எழுதி அனுப்பினார். சில நாட்களிலேயே குழுவின் நிர்வாகத்திடமிருந்து அவருக்கு உண்மையான அழைப்பு வந்தது.

அல்பீனி ராயல்டி வாங்கவில்லை என்பது உண்மையா?

உண்மைதான். பதிவுக்கு முன்பு குழுவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்று இசைத்துறையில் அநேகமாகப் பாடமாகவே வாசிக்கப்படுகிறது. ஆல்பம் விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் தயாரிப்பாளருக்குச் சிறு பங்கு போவது அத்துறையின் வழக்கம். அது அறமல்ல என்றும், இசை அதை உருவாக்கியவர்களுக்கே சொந்தம் என்றும், ஒரு குழாய் பழுதுபார்ப்பவருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றும் அவர் எழுதினார். பங்கு கேட்டால் சில லட்சம் டாலர்கள் வரும் என்பதையும் அதே கடிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அவ்வளவு பணத்தை வாங்கினால் தனக்குத் தூக்கம் வராது என்றும் சொன்னார்.

இறுதியில் அவர் வாங்கியது ஒரு லட்சம் டாலர், ஒரே தொகையாக. ஸ்டூடியோ வாடகை ஏறக்குறைய 24,000 டாலர். நிறுவனத்தின் தலையீட்டைத் தவிர்க்கும் பொருட்டுப் பதிவுச் செலவைக் குழுவினரே தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். ஆல்பம் பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கடிதத்தில் அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது புரியும்.

எங்கே, எத்தனை நாட்களில் பதிவு செய்தார்கள்?

மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே, காட்டுக்குள் இருந்த பாக்கிடெர்ம் ஸ்டூடியோவில், 1993 பிப்ரவரியில். அங்கே பிப்ரவரி என்றால் கடுங்குளிர். வெளியே பனி, உள்ளே வேலை, வேறு போக்கிடம் கிடையாது. நிறுவன அதிகாரிகள் வந்துபோகும் நகரங்களிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதற்காகவே அல்பீனி அந்த இடத்தைச் சொன்னார். கவனம் ஈர்க்காமல் இருக்க ‘சைமன் ரிச்சி புளூகிராஸ் குழு’ என்ற பொய்ப் பெயரில் முன்பதிவு செய்தார்கள். பிரிட்டிஷ் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் சிட் விஷியஸின் இயற்பெயர்தான் சைமன் ரிச்சி. அதே ஸ்டூடியோவில்தான் அல்பீனி அதற்குச் சற்று முன்பு பி. ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ ஆல்பத்தைப் பதிவு செய்திருந்தார். அந்த அறை எப்படி ஒலிக்கும் என்பதை உணர்த்த அதன் பிரதியொன்றைக் கோபேனுக்கு அனுப்பியும் வைத்தார்.

மொத்தம் இரண்டு வாரங்கள். பதிவின் பெரும்பகுதி ஆறு நாட்களில் முடிந்தது. ஒலிக்கலவைக்கு ஐந்து நாட்கள். அந்நாளைய பெரிய குழுக்கள் ஓர் ஆல்பத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் குடியிருந்ததை எண்ணினால் இது அசாத்திய வேகம். பல பாடல்கள் ஏற்கெனவே தயாராக இருந்ததே இதற்கு முதற்காரணம். ‘ஆல் அபாலஜீஸ்’ பாடலின் ஆரம்ப வடிவம் 1991 ஜனவரி முதல் தேதியிலேயே சியாட்டிலில் பதிவாகியிருந்தது. ‘டம்ப்’, ‘பென்னிராயல் டீ’ இரண்டும் 1990-இல் எழுதப்பட்டவை. மூவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்து அடித்தளத்தைப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய பாதிப் பாடல்களுக்குக் கோபேன் இன்னொரு கிட்டாரைச் சேர்த்தார், பிறகு தனியிசைப் பகுதிகள், கடைசியாகக் குரல். எல்லாப் பாடல்களின் குரலையும் அவர் ஆறு மணி நேரத்தில் பாடி முடித்ததாகச் சொல்லப்படுகிறது. ‘மில்க் இட்’ பாடலில் அவர் கத்தும் இடங்களைக் கேட்கும்போது, இதற்குப் பிறகும் ஒரு தொண்டை அடுத்த பாட்டுக்கு மிச்சமிருந்ததா என்று வியப்பாக இருக்கும்.

கலவை சரியாக அமையாத நாளில் அதோடு மல்லுக்கட்டாமல் வேலையை நிறுத்திவிட்டு, டேவிட் அட்டன்பரோவின் இயற்கை ஆவணப்படங்களைப் பார்ப்பார்களாம். யாருக்காவது தொலைபேசியில் குறும்பாகப் பேசுவார்களாம். இது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். சோர்ந்த காதோடு எடுக்கும் முடிவு தவறாகவே முடியும் என்பது ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் அவ்வளவு பக்கத்தில் ஒலிக்கிறது?

டிரம்ஸைச் சுற்றி ஏறக்குறைய முப்பது மைக்குகள் வைக்கப்பட்டன. எண்ணிக்கையைவிட அவை வைக்கப்பட்ட இடங்களே முக்கியம். வழக்கமாக ஒவ்வொரு டிரம்முக்கும் மிக அருகே ஒரு மைக் வைத்து, அந்த ஒலியை மட்டும் பிடித்து, பின்னர் செயற்கை எதிரொலியைச் சேர்ப்பார்கள். அல்பீனியோ அருகில் வைத்ததோடு நிற்காமல், அறையின் தூர மூலைகளிலும் மைக் வைத்தார். குச்சி தோலில் படும் ஓசை அருகிலுள்ள மைக்கை முதலில் எட்டும். அதே ஓசை சுவரில் மோதித் திரும்பித் தூரத்து மைக்கை நொடியின் சிறு பின்னம் தாமதித்து எட்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, கேட்பவரின் மூளை அந்த அறையின் நீள அகலத்தைத் தானாகவே கணக்கிட்டுவிடுகிறது. நாம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

‘வெரி ஏப்’, ‘டூரெட்ஸ்’ போன்ற வேகமான பாடல்களுக்கு டிரம்ஸைப் பக்கத்திலிருந்த சமையலறைக்குள் நகர்த்திப் பதிவு செய்தார்கள். கெட்டியான பரப்புகள் நிறைந்த சிறிய அறையில் ஒலி கூர்மையாகவும் உடனேயும் திரும்பும். நல்ல ஹெட்போனில் ‘சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்’ பாடலின் தொடக்க அடிகளையும் ‘வெரி ஏப்’ பாடலின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் அடி விழுந்தபின் காற்று விரியும். இரண்டாவதில் சுவர் நெற்றிக்கு நேரே நிற்கும். ஒரே மனிதர் வாசிக்கிறார், ஆனால் அறை மாறியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை முதன்முறையாகக் காதால் கண்டுகொண்ட நாளில் நான் வேறு எந்தப் பாட்டையும் கேட்கவில்லை. அந்த இரண்டு தொடக்கங்களையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாடல்கள் எதைப் பற்றியவை?

எல்லாவற்றுக்கும் ஒற்றைப் பொருள் கிடையாது. முதற்பாடலான ‘சர்வ் தி சர்வண்ட்ஸ்’, இளமைக்கால மனக்கொதிப்பே தனக்கு நல்ல வருமானமாக மாறிவிட்டதைப் பற்றியும், தந்தையோடு இருந்த விலகலைப் பற்றியும் பேசுகிறது. புகழ் வந்த பிறகு எழுதிய ஆல்பத்தை அந்த வாக்குமூலத்தோடு தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். ‘சென்ட்லெஸ் அப்ரெண்டிஸ்’ பாட்ரிக் சூஸ்கிண்டின் ‘பெர்ஃப்யூம்’ நாவலிலிருந்து பிறந்தது. அதன் இசைக்கு மூவரின் பெயரும் சேர்த்தே போடப்பட்டிருக்கிறது. இன்னொரு பாடல், சியாட்டிலில் பிறந்து ஹாலிவுட் சென்று, பின்னர் மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்ட நடிகை ஃபிரான்சிஸ் ஃபார்மரைப் பற்றியது. ஊடகங்கள் ஒருவரைத் தின்றுதீர்க்கும் விதத்தை அவர் வாழ்க்கையில் கோபேன் கண்டார்.

‘ரேப் மீ’ என்ற தலைப்பைக் கேட்டு அதிர்ச்சியடைபவர்கள் இன்றும் உண்டு. பாலியல் வன்முறைக்கு எதிரான பாடல் அது என்று கோபேன் பலமுறை தெளிவாகக் கூறினார். என்ன செய்தாலும் தன்னை அழிக்க முடியாது என்று பாதிக்கப்பட்டவரின் குரல் சொல்வதாக அமைந்தது. 1992-இல் எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் விருது விழாவில் இதைப் பாடக்கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டபோது, தொடக்க வரிகளை மட்டும் வாசித்துவிட்டு ‘லித்தியம்’ பாடலுக்கு மாறினார்கள்.

தலைப்பும் அட்டைப்படமும் எப்படி அமைந்தன?

கோபேன் முதலில் வைக்க நினைத்த தலைப்பு, தன்னையே வெறுத்துச் சாக விரும்புவதாகச் சொல்லும் ஒரு வாக்கியம். அதை வேடிக்கையாகச் சொன்னதாகவே அவர் கூறினார். நோவோசெலிக் வழக்குகள் வரக்கூடும் என்று எடுத்துச் சொல்லி அதை மாற்றவைத்தார். பிறகு ‘வெர்ஸ் கோரஸ் வெர்ஸ்’ என்றிருந்து, கடைசியில் கோபேனின் மனைவி கோர்ட்னி லவ் எழுதிய கவிதையொன்றிலிருந்து ‘இன் யூடரோ’ எடுக்கப்பட்டது. ‘கருவறைக்குள்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் அவை. முன்னட்டையில் உள்ளுறுப்புகள் தெரியும் பெண்ணுருவ உடற்கூற்று மாதிரி ஒன்று தேவதைச் சிறகுகளோடு நிற்கிறது. பின்னட்டைக்காகக் கோபேன் தன் வீட்டுத் தரையில் பூக்களையும் கருவின் பொம்மை மாதிரிகளையும் பரப்பி அடுக்க, சார்லஸ் பீட்டர்சன் படமெடுத்தார்.

நிறுவனம் ஆல்பத்தை வெளியிட மறுத்ததா?

வெளிப்படையாக மறுக்கவில்லை. நடந்தது இதைவிடச் சிக்கலானது. முடிந்த டேப்புகளைக் கேட்ட கெஃபென் நிறுவனத்தாருக்கும் குழுவின் நிர்வாகத்தாருக்கும் அது பிடிக்கவில்லை. அதே சமயம் கோபேனும் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்து, குரலும் பேஸும் போதுமான அளவு உரக்க இல்லை என்ற முடிவுக்கு வந்தார். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்ததால் அவருக்குச் சந்தேகம் வந்ததா, தன் காதே சொன்னதா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாடகர் தன் குரல் கேட்கவில்லை என்று சொல்வதை வணிக நெருக்கடியாக மட்டும் பார்ப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்றே நான் நினைக்கிறேன்.

மறுகலவை செய்யச் சொல்லி அல்பீனியிடம் கேட்டபோது, இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியாது என்று அவர் மறுத்தார். 1993 ஏப்ரலில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் கிரெக் காட் எழுதிய கட்டுரையில், நிறுவனத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஆல்பம் பிடிக்கவில்லை என்றும், அது இந்த வடிவில் வெளிவரும் என்ற நம்பிக்கை தனக்கில்லை என்றும் அல்பீனி கூறியது வெளியானது. தொடர்ந்து நியூஸ்வீக் இதழிலும் இதே தொனியில் கட்டுரை வந்தது. நிர்வாணா அதை மறுத்து நியூஸ்வீக்குக்குக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தையே பில்போர்ட் இதழில் முழுப்பக்க விளம்பரமாகவும் வெளியிட்டது. நிறுவனத்தின் தலைவர் எட் ரோசன்பிளாட், குழு கொடுப்பதை அப்படியே வெளியிடுவோம் என்று அறிக்கை விட்டார். நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் கெஃபெனே நியூஸ்வீக்கைத் தொலைபேசியில் அழைத்துக் குறைகூறினார்.

இந்தச் சத்தத்தில் அதிகம் நஷ்டப்பட்டவர் அல்பீனிதான். பெரிய நிறுவனங்கள் தன்னை ஒதுக்கியதால் அதன் பிறகு வேலை வறண்டு, பணமுடையில் தவித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருந்தும் குழுவினரைப் பற்றி அவர் மதிப்பாகவே பேசினார். 2024 மே 7-ஆம் தேதி சிகாகோவில் அவர் காலமானார்.

அப்படியானால் இறுதியில் என்ன மாற்றப்பட்டது?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான். முதலில் பாப் லட்விக் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் மாஸ்டரிங் செய்தார். கலவை முடிந்த ஒலியின் மொத்த அளவையும் உயர, தாழ் அலைகளின் விகிதத்தையும் சீர்செய்யும் கடைசிக் கட்டம் அது. அங்கே பேஸ் சற்று உயர்ந்தது, குரலும் சற்றுத் தெளிந்தது. நோவோசெலிக்குக்கு அது போதுமானதாக இருந்தது. கோபேனுக்கு இன்னும் ஏதோ குறைந்தது.

ஆகவே ஆர்.இ.எம். குழுவோடு பணியாற்றிப் பெயர்பெற்ற ஸ்காட் லிட்டை அழைத்து, ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ என்ற இரு பாடல்களை மட்டும் 1993 மே மாதம் சியாட்டிலின் பேட் அனிமல்ஸ் ஸ்டூடியோவில் மறுகலவை செய்தார்கள். மற்ற பத்துப் பாடல்களின் கலவையும் அல்பீனியுடையதே. ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’ பாடலில் கோபேன் துணைக்குரலும் அகௌஸ்டிக் கிட்டாரும் புதிதாகச் சேர்த்தார். அல்பீனியின் மூலக் கலவையில் கிட்டார் தனியிசையின்மேல் ஒரு விசித்திரமான ஒலி விளைவு ஏற்றப்பட்டிருந்தது. நோவோசெலிக்குக்கு அது அறவே பிடிக்கவில்லை. லிட்டின் கலவையில் அது போய்விட்டது.

இரண்டு வடிவங்களும் இன்று கிடைப்பதால், இதில் நாமே தீர்ப்பு வழங்கலாம். மூலக் கலவையில் கோபேனின் குரல் மற்ற இருவருக்கும் நடுவே, அதே வரிசையில் நின்று பாடுகிறது. சொற்களைப் பிடிக்கச் செவியைக் கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. லிட்டின் கலவையில் அதே குரல் ஓரடி முன்னே வந்துவிடுகிறது. ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’ பாடலைப் பொறுத்தவரை லிட் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது. அமைதியான அடியிலிருந்து கத்தலுக்குத் தாவும் அந்தப் பாட்டுக்குக் குரல்தான் முதுகெலும்பு. ‘ஆல் அபாலஜீஸ்’ பாடலிலோ மூலத்தின் கரடுமுரடே எனக்கு நெருக்கமாக இருக்கிறது. இதில் மாறுபடுபவர்கள் பலர். அவர்களுக்கும் காது இருக்கிறது.

வெளியானபோது விமர்சகர்களும் ரசிகர்களும் எப்படி வரவேற்றார்கள்?

1993 செப்டம்பர் 13 அன்று பிரிட்டனிலும், 21 அன்று அமெரிக்காவில் சிடி, கேசட் வடிவங்களிலும் வெளிவந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்தில் 1,80,000 பிரதிகள் விற்று பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது; பிரிட்டனிலும் முதலிடம். இத்தனைக்கும் அமெரிக்காவில் தனிப்பாடல் (ஆல்பத்திலிருந்து ஒரு பாடலைத் தனியே வெளியிடுவது) எதுவும் கடையில் விற்பனைக்கு விடப்படவில்லை; வானொலிக்கு மட்டுமே அனுப்பினார்கள். ஆனால் அடுத்த மாதமே வெளியான பேர்ல் ஜாம் குழுவின் ‘வெர்சஸ்’ முதல் வாரத்தில் 9,50,000 பிரதிகளைத் தாண்டியது. ‘நெவர்மைண்ட்’ தந்த கூட்டத்தில் ஒரு பகுதி வாசலிலேயே நின்றுவிட்டது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. கோபேன் அதை எதிர்பார்த்தே இருந்தார்.

விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் டேவிட் ஃபிரிக் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்தார். வில்லேஜ் வாய்ஸ் இதழ் ஆண்டுதோறும் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில், 1993-இல் லிஸ் ஃபேரின் ‘எக்ஸைல் இன் கைவில்’ ஆல்பத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. குறைகூறியவர்களில் சிலர் இது வேண்டுமென்றே ரசிகரைத் துரத்தும் ஆல்பம் என்றார்கள். ‘டம்ப்’ போன்ற மென்மையான பாடலையும், ‘பென்னிராயல் டீ’ போன்ற நேரடியான மெட்டையும் வைத்துக்கொண்டு யாரும் யாரையும் துரத்துவதில்லை.

பெரிய கடைகள் ஏன் விற்க மறுத்தன?

வால்மார்ட், கேமார்ட் ஆகிய இரண்டு பெரும் சங்கிலிக் கடைகளும் முதலில் இந்த ஆல்பத்தை எடுக்கவில்லை. பின்னட்டைப் படமும் ‘ரேப் மீ’ தலைப்பும்தான் சிக்கல். 1994 மார்ச்சில் பின்னட்டையை மாற்றி, தலைப்பை ‘வேஃப் மீ’ என்று அச்சிட்டுத் தனிப் பதிப்பு கொடுத்தார்கள்; பாடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஒலிக்காக அவ்வளவு போராடிய குழு இதற்கு ஏன் ஒப்புக்கொண்டது என்று கேட்பவர்கள் உண்டு. கோபேனும் நோவோசெலிக்கும் வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்தின் அபர்தீன் போன்ற சிற்றூரில். அத்தகைய ஊரில் பிள்ளைகளுக்கு ஆல்பம் வாங்கக் கிடைத்த கடைகள் இவை மட்டுமே. அந்தப் பிள்ளைகளை நினைத்தே அட்டையை விட்டுக்கொடுத்தார்கள்.

கோபேனின் மரணம் இந்த ஆல்பத்தின் வரவேற்பை எப்படி மாற்றியது?

1994 ஏப்ரல் 5 அன்று, 27 வயதில், கோபேன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தின் ஒவ்வொரு வரியையும் முன்னறிவிப்பாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த மாதம் தனிப்பாடலாக வரவிருந்த ‘பென்னிராயல் டீ’ திரும்பப் பெறப்பட்டது. துயரத்தில் அப்படிப் படிப்பது இயல்பு. ஆனால் பல பாடல்கள் அந்தச் சாவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்பே, புகழுக்கும் முன்பே எழுதப்பட்டவை என்ற உண்மையை அந்தப் படிப்பு மறந்துவிடுகிறது. பதிவு நடந்த நாட்களை உடனிருந்தவர்கள் இறுக்கமற்ற, வேலை மும்முரமான நாட்களாகவே நினைவுகூர்கிறார்கள். நல்ல மனநிலையில், முழுக் கவனத்தோடு மூன்று பேர் செய்த வேலையாக இதைக் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தப் பதிப்பைக் கேட்கலாம்? எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் 1993-இல் வந்த வடிவத்தை, பாடல்களின் வரிசையைக் கலைக்காமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். இருபதாம் ஆண்டையொட்டி 2013-இல் வந்த பதிப்பில் லிட் தொட்ட இரண்டு பாடல்களின் அல்பீனி மூலக் கலவைகளும், ஆல்பம் முழுமைக்கும் அல்பீனி புதிதாகச் செய்த கலவையும் இருக்கின்றன. ஒப்பிட விரும்புபவர்களுக்கு அது பொக்கிஷம். அதோடு 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான எம்டிவியின் ‘அன்பிளக்டு’ நிகழ்ச்சியில் இந்த ஆல்பத்தின் மூன்று பாடல்கள் உண்டு. அவற்றில் ‘பென்னிராயல் டீ’ பாடலைக் கோபேன் குழு இல்லாமல், கிட்டாரோடு தனியே பாடுகிறார். சுற்றி எந்த ஓசையும் போட்டிக்கு இல்லாத அந்த நிமிடங்களில் குரலின் ஒவ்வொரு பிசிறும் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டு உடனே ஆல்பத்திலுள்ள அதே பாடலைப் போட்டால், டிரம்ஸும் பேஸும் வந்து சேரும் கணத்தில் அந்தக் குரல் எங்கே நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும்.